சயாமா (டாக்டர் அம்மா) பதில்கள்: சிறுநீரகத்தில் கட்டி என்றால்…

போன இதழில் சிறுநீரகக் கல் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, கல்லை விட்டுவிட்டுக் கட்டியைப் பிடித்துக்கொண்டன. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், சிறுநீரகத்தில் கட்டி என்று ரிப்போர்ட் வாங்கி வந்து தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் நம் பர்மா ஊர்களில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான். புற்று இல்லாத கட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

*வணக்கம் சயாமா. எனக்கு வயது 48. பெகுவில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறதே, பித்தப்பையில் கல்லோ என்று ஸ்கேன் எடுத்தேன். கல் இல்லை. ஆனால் வலது சிறுநீரகத்தில் 2.3 செ.மீ. கட்டி, "ஆஞ்சியோமயோலிப்போமாவாக இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டான். நாத்தனார், "ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே, எடுத்துப் போட்டுவிடு" என்கிறார். எடுத்துவிடலாமா?*
*— ஒரு சகோதரி, பெகு*

எடுக்க வேண்டாம் அம்மா. இப்போது உங்கள் கையில் இருக்கும் விவரத்தை வைத்து யாரும் உங்கள் சிறுநீரகத்தில் கத்தி வைக்கக் கூடாது.

ரத்தக் குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்து வளரும் கட்டி இது. சிறுநீரகத்தில் வரும் புற்று இல்லாத திடக் கட்டிகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். பெண்களுக்கு அதிகம், அதுவும் உங்கள் வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் கண்ணில் படும். மிக அரிதான ஒரு வகையைத் தவிர மற்றவை வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. இந்த அளவுள்ள கட்டி வலிக்கவும் செய்யாது. விலா வலிக்குக் காரணம் வேறு ஏதாவது இருக்கும், இரைப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இருக்கலாம்" என்று எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். அல்ட்ராசவுண்டில் கொழுப்பு பளீரென்று வெள்ளையாகத் தெரியும். ஆனால் சின்னப் புற்றுக்கட்டிகளில் சிலவும் அதே மாதிரி வெள்ளையாகத் தெரியும். அதனால் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். சி.டி.யில் ஒவ்வொரு இடத்தின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு மைனஸ். கட்டிக்குள் மைனஸ் 10-க்கும் கீழே எண் வந்தால் அங்கே கொழுப்பு இருக்கிறது, அப்படியென்றால் அநேகமாக இந்தக் கட்டிதான். கொழுப்பைப் பார்க்க நரம்பில் மருந்து ஏற்ற வேண்டியதில்லை, மெல்லிய துண்டுகளாகப் படம் எடுத்தால் போதும். எடுக்கும் இடத்தில் "கொழுப்பு இருக்கிறதா, எண் என்ன, எழுதிக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில கட்டிகளில் கொழுப்பு கண்ணுக்கே தெரியாத அளவு குறைவாக இருக்கும். அப்போதுதான் எம்.ஆர்.ஐ. அல்லது ஊசிப் பரிசோதனை பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, இந்தக் கட்டிதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்? இதில் பயப்பட வேண்டியது ஒன்றுதான்: ரத்தக் கசிவு. கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களின் சுவரில் வலு கிடையாது. பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி அங்கங்கே புடைத்து நிற்கும். கட்டி பெரிதாகப் பெரிதாக அந்தப் புடைப்பு வெடிக்கும் ஆபத்தும் கூடும். 4 செ.மீ. தாண்டினால் சிகிச்சை என்று நாங்கள் படித்த காலத்தில் ஒரு கணக்கு இருந்தது. இப்போது அளவை மட்டும் பார்ப்பதில்லை. குழாய்ப் புடைப்பு 5 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா, கட்டி சீக்கிரம் வளர்கிறதா, கர்ப்பம் தரிக்கும் வயதா என்றெல்லாம் பார்க்கிறோம். அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முடியும் என்பதையும் நான் எப்போதும் கேட்பேன். யாங்கூனுக்குள் இருப்பவரும், மழைக்காலத்தில் பாதை மூழ்கிவிடும் ஊரில் இருப்பவரும் ஒன்றல்ல.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு திஞ்சான் விடுமுறை, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழா. பியூ பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இடது இடுப்பில் திடீரென்று வலி வந்திருக்கிறது. வழியில் ஒரு கிளினிக்கில் கல் வலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வரும்போது உள்ளங்கை சில்லிட்டு வியர்த்திருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. வயிற்றின் இடப்பக்கம் கை வைத்தால் கெட்டியாக ஒரு மேடு. சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டி நின்றது. ரத்தம் கொடுக்க வந்த கோயில் பையன்கள், தண்ணீர் விளையாட்டில் நனைந்த சட்டையோடு வரிசையில் நின்றார்கள். குழாயை உள்ளிருந்து அடைக்கும் வசதி அன்றைக்கு எங்களிடம் இல்லை, சிறுநீரகத்தையே எடுத்தோம். அம்மா பிழைத்துவிட்டார். பிறகுதான் மகள் ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். அந்தக் கட்டி முன்பே ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. "கேன்சர் இல்லை" என்று சொன்னதும் சந்தோஷப்பட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். மறுபடி பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். சி.டி. ஒருமுறை. அதன்பின் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஓர் அல்ட்ராசவுண்டு, பிறகு வருஷம் ஒன்று. பல கட்டிகள் வருஷக்கணக்கில் அசையாமல் அப்படியே கிடக்கும், அப்போது இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். ஒருவர் 2.3 என்பார், இன்னொருவர் 2.6 என்பார், அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நம் மழைக்காலத்தில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடையில் காகிதம் வைத்து உறைக்குள் போடுங்கள். பத்தியம் எதுவும் தேவையில்லை. விலாவுக்குப் பின்புறம் திடீரென்று கடும் வலி, கூடவே தலைசுற்றலோ சிறுநீரில் ரத்தமோ வந்தால் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்கு இந்தக் கட்டி இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நாத்தனார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இன்னும் பத்திருபது வருஷத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்தால், அந்த இரண்டாவது சிறுநீரகம் உங்களுக்கு வேண்டும்.

*அன்புள்ள டாக்டர் அம்மா. என் அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. இடது சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி. இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர், "ஆன்கோசைட்டோமா மாதிரி தெரிகிறது, அது கேன்சர் இல்லை, இருந்தாலும் ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்றார். இன்னொருவர் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடலாம் என்கிறார். கேன்சர் இல்லை என்றால் எதற்காக வெட்ட வேண்டும்? பணத்துக்காகவா என்று அம்மா கேட்கிறார்.*
*— மூத்த மகன், மோல்மேன்*

தம்பி, அம்மாவின் சந்தேகம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை அவர் விளக்கியிருக்க வேண்டும்.

ஆன்கோசைட்டோமா புற்று அல்ல, பரவாது. அப்பாவின் வயதில், ஆண்களுக்கு அதிகம் வரும். சிக்கல் என்னவென்றால், படத்தில் பார்த்து "இது அதுதான்" என்று அடித்துச் சொல்ல முடியாது. கட்டியின் நடுவில் நட்சத்திரம் போல ஒரு தழும்பு தெரியும் என்று புத்தகங்களில் இருக்கும். ஆனால் அதே தழும்பு சில புற்றுக்கட்டிகளிலும் தெரியும். குரோமோஃபோப் என்ற ஒரு புற்றுவகை மைக்ராஸ்கோப்பிலேயே இதன் சாயலில் இருக்கும். ஆகவே "மாதிரி தெரிகிறது" என்பதை நம்பி விட்டுவிட டாக்டர்கள் தயங்குகிறார்கள். மறுபக்கமும் உண்டு: 4 செ.மீ.க்குள் இருக்கும் கட்டி என்று ஆபரேஷன் செய்து எடுத்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றே இல்லை என்று பரிசோதனையில் தெரிய வருகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்பாவுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பது. "ஊசி பட்டால் கேன்சர் பரவிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். சிறுநீரகத்தில் அப்படி நடப்பது மிக மிக அபூர்வம், அந்தப் பயத்துக்காக ஊசியை ஒதுக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் "பெரும்பாலும் ஆன்கோசைட்டோமா" என்று வரலாம், நூற்றுக்கு நூறு என்று வருவது கஷ்டம். அப்படி வந்தால், இரண்டாவது வழியாக, ஆபரேஷன் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஸ்கேன் எடுத்துக் கவனித்துவரலாம். உடலில் வேறு நோய்கள் உள்ள முதியவர்களுக்கு இது நல்ல முடிவு. சோம்பேறித்தனமான முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் கட்டிகள் வளர்ந்தாலும் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

மூன்றாவது ஆபரேஷன். செய்வதென்றால், கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷன் முடியுமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். 3.5 செ.மீ. கட்டிக்குப் பெரும்பாலும் முடியும். எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். சிறுநீரகத்துக்குப் போகும் தமனியைக் கிளிப்பால் பிடித்துவிட்டு வெட்டுவோம், இல்லையென்றால் ரத்தம் மறைத்துவிடும். கிளிப் போட்ட நொடியிலிருந்து அந்தச் சிறுநீரகத்துக்கு மூச்சு கிடையாது. அரை மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்து, சிறுநீர்க் குழியைத் தைத்து, வெட்டின இடத்தை மூடிக் கிளிப்பைத் திறந்தாக வேண்டும். என் தியேட்டரில் ஒரு நர்ஸுக்கு அன்று வேறு வேலையே இருக்காது, கடிகாரத்தைப் பார்த்து "பத்து… பதினைந்து…" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. இருபதைத் தாண்டினால் யாரும் பேச மாட்டோம். முழுசாக எடுப்பது இதைவிடச் சுலபமான வேலை. சுலபம் என்பதற்காக அதைச் செய்யக் கூடாது, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு. கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகம் எத்தனை வேலை செய்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். கட்டி மிகவும் உள்ளே, பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருந்தால் மட்டும் முழுசாக எடுக்க வேண்டி வரலாம். அப்படியானால் படத்தில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

*வணக்கம் சயாமா. என் மகளுக்கு 19 வயது. குழந்தையில் வலிப்பு வந்து இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். சின்ன வயதிலிருந்து மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பொடிப்பொடியாகப் பருக்கள். கேலி செய்கிறார்கள் என்று கன்னம் நிறையத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசித்தான் வெளியே அனுப்புவேன். இப்போது இரண்டு சிறுநீரகத்திலும் பல கட்டிகள், பெரியது 3.6 செ.மீ. என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. குலதெய்வக் குற்றம் என்கிறார்கள். மனசு உடைந்து போயிருக்கிறேன்.*
*— ஒரு தாய், தட்டோன்*

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன் அம்மா. குற்றம் உங்களுடையதும் இல்லை, தெய்வத்துடையதும் இல்லை. வலிப்பு, முகத்துப் பருக்கள், இரண்டு பக்கமும் கட்டிகள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்ற மரபணு நோய். பெயர் ஆங்கிலத்தில் காசநோயின் பெயர் போலக் கேட்டாலும், காசநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏறக்குறைய 6,000 பிறப்புகளில் ஒன்றில் வரும். பெற்றோர் இருவருக்கும் இல்லாமலேயே குழந்தைக்குப் புதிதாகத் தோன்றுவதுதான் அதிகம்.

ஒரு நாள் தனக்காவைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, நல்ல பகல் வெளிச்சத்தில் மகளைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பருக்கள் பருவ வயதில் வரும் சாதாரணப் பருக்கள் அல்ல, நோயைக் கண்டுபிடிக்கவே உதவும் அடையாளம். தனக்கா போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் டாக்டர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். முதுகு, தொடையில் வெள்ளையாக இலை வடிவத் தேமல் இருக்கிறதா, நகத்தை ஒட்டிச் சதை வளர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். நகம், தேமல் என்று நீங்களும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தில் இருப்பவை மேலே பெகு சகோதரிக்குச் சொன்ன அதே வகைக் கட்டிகளாக இருக்க வேண்டும். ஆனால் இந்த நோயோடு வரும்போது சின்ன வயதிலேயே வரும், எண்ணிக்கை அதிகம், வளர்ச்சியும் வேகம். அதனால் இங்கே 3 செ.மீ. தாண்டி வளர்ந்துகொண்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் சிகிச்சை ஆரம்பிக்கிறோம். கத்தி இல்லை, மாத்திரைதான். எவரோலிமஸ் என்று பெயர். ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மருந்தின் வழியில் வந்தது இது. கடலில் தனியாகக் கிடக்கும் ஒரு தீவின் மண் தட்டோனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு உதவுகிறது, யோசித்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கட்டிகளின் மொத்தப் பருமன் பாதியோ அதற்கு மேலோ சுருங்கியது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அளவு சுருங்கவில்லை.

தொல்லைகளும் உண்டு. வாய்ப்புண் வரும், ரத்தத்தில் கொழுப்பு ஏறும், தொற்று சீக்கிரம் பிடிக்கும், மாதவிலக்கு தப்பலாம். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும் என்பதால் வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். விலையும் அதிகம், எத்தனை மாதத்துக்கு வாங்க முடியும் என்று ஆரம்பிக்கும் முன்பே குடும்பத்தோடு பேசுங்கள். இன்னொன்று முக்கியம்: ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகள் இந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். மகள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பம்ப்ளிமாஸ் பழம் கொடுக்க வேண்டாம்.

வருஷா வருஷம் ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் பாருங்கள். எம்.ஆர்.ஐ. ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுளுக்கும். இந்த நோய் உள்ள பெண்களுக்கு நுரையீரலில் ஓட்டைகள் போல நீர்ப்பைகள் வரலாம், அதனால் இந்த வயதில் நெஞ்சுக்கும் ஒரு சி.டி. எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், மாதவிலக்குப் பிரச்சினைக்கு என்று யாராவது எழுதிக் கொடுத்தால் இந்த நோயைச் சொல்லிவிடுங்கள். அறுவை பற்றிப் பேசினால், "முழுச் சிறுநீரகம்" என்ற வார்த்தை வந்த உடனே வேறொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கட்டி உள்ள பெண்ணுக்கு ஒவ்வொரு துளிச் சிறுநீரகமும் காப்பாற்றப்பட வேண்டும்.

*கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. இடது சிறுநீரகத்தில் 5 செ.மீ. ஆஞ்சியோமயோலிப்போமா, சி.டி.யில் உறுதி செய்துவிட்டார்கள். மாமியார் சீக்கிரம் பேரக்குழந்தை வேண்டும் என்கிறார். குழந்தை பெறலாமா?*
*— பெயர் வேண்டாம், தாம்வே*

பெறலாம். முதலில் கட்டியைக் கவனித்துவிட்டு. கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி வளரவும் வெடிக்கவும் வாய்ப்பு கூடுதல், அப்போது இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதனால் 5 செ.மீ. உள்ள உங்களுக்கு முன்கூட்டியே சிகிச்சை செய்துகொள்வதுதான் என் கருத்து.

தொடையில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, படத்தைப் பார்த்தபடியே கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளைக்குள் சென்று, அதை மட்டும் அடைத்துவிடலாம். வயிற்றில் தையல் கிடையாது. பிறகு சில நாள் காய்ச்சலும் விலா வலியும் இருக்கும், பயப்பட வேண்டாம், கட்டி வாடுவதன் அடையாளம் அது. கட்டி மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டி வரலாம். இதைச் செய்பவர் ரத்தக் குழாய்க்குள் வேலை செய்யப் பழகிய ரேடியாலஜி டாக்டர், அதனால் ஆஸ்பத்திரியில் விசாரிக்கும்போது "எம்போலைசேஷன் செய்வீர்களா, யார் செய்வார்?" என்றே கேளுங்கள். அது முடியாத இடத்தில், கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது.

கர்ப்பம் தரித்தபின் அல்ட்ராசவுண்டு தாராளமாக எடுக்கலாம். பிரசவத்துக்கு, ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரியில் பதிவு செய்யுங்கள், தாய்வீட்டு வழக்கம் என்று கிராமத்துக்குப் போக வேண்டாம். மாமியாரை ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நேரில் கேட்டால் அவருக்குப் புரியும், பேரக்குழந்தை மேல் ஆசை உள்ளவர் தாயின் உயிரையும் பார்த்துக்கொள்வார்.

*சிறுநீரகத்தில் 5 செ.மீ. நீர்க்கட்டி. ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாமா? வயது 61.*
*— சிரியம் வாசகர்*

ரிப்போர்ட்டில் "சிம்பிள் சிஸ்ட்" என்று இருந்து, வலியும் அடைப்பும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வயது ஏற ஏற இது பலருக்கும் வரும். வெறுமனே உறிஞ்சினால் மீண்டும் நிறைந்துவிடும். நீர்க்கட்டிகளை, சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே தடுப்புகள் இருக்கின்றனவா, மருந்து ஏற்றினால் பளிச்சிடுகிறதா என்று பார்த்து போஸ்னியாக் முறையில் தரம் பிரிப்பார்கள். 1, 2 என்றால் கவலை இல்லை. "2 எஃப்" என்றால் தொடர்ந்து ஸ்கேன் எடுக்க வேண்டும். 3, 4 என்றால் உடனே சிறுநீரக அறுவை டாக்டரைப் பாருங்கள்.

*என் தம்பிக்குச் சிறுநீரகத்தில் சின்னக் கட்டி. ஊரில் ஒருவர் தரும் வேர்ப்பொடி மூன்று மண்டலம் சாப்பிட்டால் கரைந்துவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?*
*— அக்கா, பியுண்டாசா*

கொடுக்காதீர்கள். இந்தக் கட்டிகளைக் கரைக்கும் வேர் எதையும் நான் அறியேன். சிறுநீரகத்தைக் கெடுக்கும் வேர் இருப்பது நன்றாகத் தெரியும்: அரிஸ்டலோகியா என்ற கொடி வகை கலந்த பொடிகளைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் செயலிழந்தவர்களும், சிறுநீர்ப் பாதையில் புற்று வந்தவர்களும் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாத எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளையும் தம்பி குறைத்துக்கொள்ளட்டும். அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கட்டி எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., எந்தத் தேதியில் எடுத்தது என்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி நகல் எடுங்கள்.